மணப்பெண் தங்கும் இடம்

விஸ்வா விடுதி,
ட்ரான்ஸ்பர் ரோடு,
பினாங்கு.
12.9.1988

தம்பி தில்லையம்பலத்துக்கு,

அண்ணன் விஸ்வலிங்கம் எழுதுவது. நானும் யோகம்மாவும் சுகம். நீயும் பத்மாவதியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் அதற்கு என்றைக்கும் குறைவு இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நான் மூன்று தடவை படித்தேன். யோகம்மா ஒரு தடவைதான் படித்தாள். மடித்து என் கையில் தந்துவிட்டு எட்டாம் அறைக்குக் கஞ்சி கொண்டு போனாள். அங்கே அலோர் ஸ்டாரிலிருந்து ஹபீபா பீவி என்ற கிழவி வந்து தங்கியிருக்கிறாள். கண்ணில் ஆபரேஷன். ஒரு கண்ணைக் கட்டியிருக்கிறார்கள், மற்றக் கண்ணால் இந்த வீட்டில் நடப்பது எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வள்ளிநாயகியின் கலியாணம் அக்டோபர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் ஜெலுத்தோங்கில் இருக்கிறார்கள், ஆகவே இங்கேயே கோயில் மண்டபத்தில் நடத்தலாம் என்று எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாப்பிள்ளையைத் தேடியது நீ. சாதகம் பார்த்தது நீ. பெண்ணைக் கேட்டுச் சம்மதம் வாங்கியதும் நீ. எல்லாம் முடிந்த பிறகு பெற்றவனுக்குச் சொல்லி அனுப்பினாய். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் இப்போது இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். முதலாவது, மணவறையில் அவளை நீயும் பத்மாவதியும் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது. பிள்ளை இல்லாத உங்களுக்கு ஒரு பிள்ளையைக் கைபிடித்துக் கொடுத்த புண்ணியம் கிடைக்கட்டும், வள்ளிக்கும் அதுதான் ஆசை என்கிறாய். இரண்டாவது, பெண் வீட்டார் எல்லாரும் பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்க ஏற்பாடு செய்திருப்பது. மணப்பெண் உட்பட.

தம்பி, நான் பதினாறு வருஷமாக இந்த ஊரில் விடுதி நடத்துகிறேன். ஒன்பது அறை. மேடானிலிருந்தும் பெர்லிஸிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்ஸிக்காரனிடம் என் பெயரைச் சொல்லி வருகிறார்கள். நாகூர் மீரான் என்ற டாக்ஸிக்காரன் எனக்கு வாரத்துக்கு நாலு பேரையாவது கொண்டுவந்து விடுவான். நான் பெற்ற மகள் மட்டும் கலியாணத்துக்கு முதல் நாள் இரவு வேறொருவன் ஹோட்டலில் படுக்க வேண்டும். இதை நாளைக்கு நாகூர் மீரான் கேட்டால் என்ன சொல்வேன்? கேட்பான். எதையும் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவன்.

உனக்கு எல்லாமே சுலபமாகக் கிடைத்துப் பழக்கம். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் முதல் கிரேடு எடுத்தவன் நான். நீ எடுத்தது இரண்டாம் கிரேடு. ஆனால் அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆன வருஷம் நான் வளர்ந்திருந்தேன், நீ வளரவில்லை. அதனால் நான் கிளார்க் வேலைக்குப் போனேன், நீ லண்டனுக்குக் கப்பல் ஏறினாய். துறைமுகத்தில் அப்பா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பதினேழு வருஷம் நான் தினமும் அதே துறைமுக வாசலால் ஆபீசுக்குப் போனேன். யாரும் கட்டிக்கொண்டு அழவில்லை. சரி, அது பழைய கதை என்பாய். எனக்குப் பழையதாகவில்லை.

பிறகு என் மகளையும் நீ அழைத்துக்கொண்டு போனாய். ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனாய். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. இப்போது இருபத்துநாலு. உன் வீட்டில் புல்தரை, பியானோ, படிக்க ஒரு தனி அறை. என் வீட்டில் ஒன்பது அறை இருந்தும் அவளுக்கு ஒரு மேசை இல்லை என்று பத்மாவதி அந்தக் காலத்தில் எல்லாரிடமும் சொன்னது எனக்குத் தெரியும்.

போன வருஷம் பட்டமளிப்பு விழா. பெற்றோருக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? போட்டோவை நீயே அனுப்பியிருந்தாய். கறுப்பு அங்கியில் அவள், ஒரு பக்கம் நீ, மறுபக்கம் பத்மாவதி. யோகம்மா அதைச் சட்டம் போட்டுக் கவுண்டருக்கு மேலே மாட்டினாள். வருகிற விருந்தாளிகள் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பா அம்மா ரொம்பக் களையாக இருக்கிறார்கள் என்கிறார்கள். நான் ஆமாம் என்கிறேன்.

அவள் எழுத்துகூட இப்போது உன்னுடையதைப் போல வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்கிறாள், பத்மாவதியைப் போல. போன தைப்பூசத்துக்கு நீங்கள் வந்தபோது தண்ணீர்மலைக் கோயில் படியில் நீ ஏதோ சொன்னாய், அவள் உன் தோளில் கை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். நான் நாலு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை அப்பா என்றாள். என்னிடம் சொல்லியும் சிரிக்கலாம். எனக்கும் சிரிக்கத் தெரியும்.

ஆகவே என் முடிவு இது. தாரை வார்ப்பது நானும் யோகம்மாவும்தான். அது பெற்றவன் உரிமை. அழைப்பிதழில் என் பெயர் முதலில் வர வேண்டும். ஹோட்டலை ரத்து செய். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

இங்கே இந்த மாதம் கூட்டம் அதிகம். துணி துவைக்கிற லெட்சுமிக்கு இடுப்பு வலி, யோகம்மாவே விரிப்புகளை மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப்போடுகிறாள். இளைய பிள்ளை ஸ்ரீதரனுக்கு ஈப்போவில் பயிற்சிக் கல்லூரி நன்றாகப் போகிறது. இளைப்பு இப்போது வருவதில்லை.

பத்மாவதிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
வி. விஸ்வலிங்கம்


விஸ்வா விடுதி,
பினாங்கு.
25.9.1988

தம்பி தில்லையம்பலம்,

நீ கடிதம் எழுதாமல் போன் பண்ணினாய். நான் பேங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பண்ணினாயோ என்று எனக்குச் சந்தேகம். யோகம்மாவிடம் நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அண்ணன் சொன்னால் சரிதான் அண்ணி, அவரே தாரை வார்க்கட்டும், நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்றாயாம்.

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எதிலும் நீ என்னோடு ஒரு தடவையாவது முழுதாகச் சண்டை போட்டிருக்கிறாயா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பதை நீ சிரித்துக்கொண்டு கொடுத்துவிடுகிறாய். கேட்டவன்தான் அற்பனாகப் போகிறான்.

பிறகு வள்ளியும் பேசினாள். நான்தான் எடுத்தேன். தாரை வார்ப்பது நான் என்றேன். சரி அப்பா என்றாள். அழைப்பிதழில் என் பெயர் என்றேன். சரி அப்பா. புடவை என்ன நிறம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். ஹோட்டலை ரத்து செய்யச் சொன்னேனே என்றேன். பிறகு, அது சித்தப்பா ஏற்பாடு இல்லை அப்பா, நான் கேட்டது, நான் அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நம் விடுதிக்குப் போன் பண்ணி அறை வேண்டாம் என்று சொல்லுகிற ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

நான் போனை வைத்துவிட்டு யோகம்மாவிடம் சத்தம் போட்டேன். நீதான் அவளைக் கெடுத்தாய், தில்லையம்பலம் கெடுத்தான், பத்மாவதி கெடுத்தாள் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் அடுப்பில் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி, இஞ்ச பாருங்கோ, எழுபத்தேழாம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து டிசம்பர் மாதத்தைப் பாருங்கோ, பிறகு வந்து சத்தம் போடுங்கோ என்றாள். அதற்குப் பிறகு நாலு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

புத்தகம் என்றால் வருகைப் புத்தகம். இரவு தங்குகிற எவரும் அதில் பதியாமல் படுக்கக் கூடாது என்பது முதல் நாளிலிருந்து என் விதி. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து பார்த்தால் ஒரு பெயர் குறையக் கூடாது. பதினாறு வருஷத்தில் குறைந்ததில்லை. பெயர், வயது, தொழில், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், போகும்போது கையெழுத்து. பழைய புத்தகங்களை எல்லாம் படிக்கட்டுக்குக் கீழ் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

எடுத்துப் பார்த்தேன். 1977 டிசம்பர் 3. என் கையெழுத்து, சுத்தமான எழுத்து. பெயர் வி. வள்ளிநாயகி. வயது பதின்மூன்று. தொழில் மாணவி. எங்கிருந்து: பெட்டாலிங் ஜெயா. எங்கே: பெட்டாலிங் ஜெயா. அறை எண்ணுக்குரிய கட்டத்தில் கவுண்டர் அருகில் என்று எழுதியிருக்கிறேன். அவள் அறையை மேடான்காரக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்த நேரம் அது. கான்வாஸ் கட்டில் போட்டுக் கொடுத்தேன். டிசம்பர் 28, கடைசிக் கட்டத்தில் அவள் கையெழுத்து. சின்னப் பிள்ளை எழுத்து, கட்டத்துக்கு வெளியே போகாமல் கவனமாகப் போட்டிருக்கிறாள்.

தம்பி, அந்தக் கையெழுத்து தானாக வந்திருக்காது. நான்தான் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் என்னை இந்த நாலு நாளும் தூங்கவிடவில்லை. எனக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை.

மற்றப் புத்தகங்களையும் எடுத்தேன். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று. ஒவ்வொரு டிசம்பரும் அவள் பெயர். ஒவ்வொரு வருஷமும் கையெழுத்துப் பெரிதாகிறது, பிறகு சாயத் தொடங்குகிறது. எண்பத்திரண்டில் இல்லை. அதற்குப் பிறகு எதிலும் இல்லை. அவள் வராமல் இல்லை. வருவாள், அம்மா கையால் சாப்பிடுவாள், ஸ்ரீதரனோடு விளையாடுவாள், விளக்கு வைப்பதற்கு முன் உன் காரில் ஏறிவிடுவாள். நீ அவளை இரவு தங்க விடுவதில்லை என்று ஆறு வருஷமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரவு தங்கினால் புத்தகத்தில் போட வேண்டும் என்று அவள்தான் பகலிலேயே போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்ரீதரன் பெயரை நான் பதிந்ததில்லை. அவன் வீட்டில் இருந்தான், அதனால் பதியவில்லை. அவள் வெளியூரிலிருந்து வந்தாள், அதனால் பதிந்தேன். விதிப்படி சரி. யோகம்மாவிடம் இப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் கெட்ட தகப்பன் என்று எழுதினால் நீ போன் பண்ணி அப்படியெல்லாம் இல்லை அண்ணே என்பாய். அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்தேழு ஜனவரியில் ஸ்ரீதரனுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். யோகம்மா அவனோடு. இங்கே கூட்டம், ஒரு அறை காலி இல்லை. காலையில் ஐந்து மணிக்கு நானே இடியப்பம் பிழிந்தேன். நீ பொங்கலுக்கு வந்தாய். வள்ளி படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவள் புத்தகத்தைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் காலை மடக்கி வழி விட்டாள். நீ பார்த்துக்கொண்டே நின்றாய். அண்ணே, ஒரு வருஷம் எங்களோடு என்று தொடங்கினாய். நீ முடிப்பதற்கு முன் நான் சரி என்றுவிட்டேன். நீ அழைத்துப் போனாய் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அனுப்பினது நான். அன்று மாலையே அவள் அறையை வாடகைக்கு விட்டேன்.

ஆனால் ஒன்று. இதையெல்லாம் ஒப்புக்கொண்டதால் உன் மேல் எனக்குள்ள எரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதே. அவள் ஒவ்வொரு பரீட்சைக்கும் முதல் நாள் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். காய்ச்சலில் பத்மாவதி நெற்றியைத் தொட்டாள். அதை நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது. நீங்கள் தப்புச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருக்கும்.

ஹபீபா பீவிக்கு நேற்றுக் கட்டு அவிழ்த்தார்கள். இரண்டு கண்ணாலும் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். என்னா தம்பி, மவளுக்குக் கலியாணம்லா, நீங்க என்னமோ மையத்து வீட்டுல குந்தியிருக்குற மாதிரி இருக்கீங்க, இதப் பாக்கவா நான் ஆபரேசன் பண்ணிக்கிட்டேன் என்றாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். யோகம்மாவும் சிரித்தாள். நாலு நாளில் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று எழுத மாட்டேன். நான் எதையும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


விஸ்வா விடுதி,
பினாங்கு.
11.10.1988

அன்புள்ள தில்லையம்பலத்துக்கும் பத்மாவதிக்கும்,

அழைப்பிதழ் மாதிரி வந்தது. நான் கேட்டபடியே என் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. அப்படியே அச்சடிக்கட்டும்.

தாரை வார்ப்பதை நீங்கள் இருவரும் செய்யுங்கள். குருக்களிடம் பேசிவிட்டேன். சித்தப்பன் தாரை வார்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான், ஒன்றும் குறையில்லை என்றார். யோகம்மாவிடமும் கேட்டேன். வள்ளி முதலில் கேட்டது அதைத்தானே என்றாள். இப்போது என்னோடு பேசுகிறாள். நான் மனம் மாறிவிட்டேன் என்று பத்மாவதி ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். மணவறையில் அவள் கை மேல் உன் கை இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. பார்த்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இருபத்தாறாம் தேதி புதன்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கல். அன்றைக்கே பெண் வீட்டில் கன்னிக்காலாக முருக்கங்கிளை ஊன்ற வேண்டும். கடற்கரை ஹோட்டலில் எங்கே ஊன்றுவாய்? நீச்சல் குளத்துப் பக்கத்திலா? மேலாளர் விடுவானா? கன்னிக்கால் ஊன்றிய வீட்டிலிருந்துதான் பெண் மண்டபத்துக்குப் புறப்பட வேண்டும். இது நான் உண்டாக்கிய விதி இல்லை. அம்மா சொல்லி நாம் இருவரும் கேட்டதுதான்.

நம் வீட்டில் எல்லாம் சிமெண்டும் ஓடும், ஊன்ற மண் இல்லை. தொட்டியில் மண் போட்டு ஊன்றலாம், எல்லாரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் குருக்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று கொத்தனாரைக் கூப்பிட்டு நடு முற்றத்தில் நாலு தரை ஓடுகளைப் பெயர்க்கச் சொன்னேன். கீழே நல்ல ஈரமண் இருக்கிறது. விடுதி ஆரம்பித்தபோது நானே பொறுக்கி வாங்கிய பூ ஓடு, கொத்தனார் இரண்டு தடவை கேட்டான், நிச்சயமா முதலாளி என்று. பெயர்த்தான். யோகம்மா அந்தக் குழியைப் பார்த்துவிட்டுப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். முருக்கங்கிளைக்கு ஜெலுத்தோங்கில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இருபத்துமூன்றாம் தேதியிலிருந்து விருந்தாளி யாரையும் எடுக்கவில்லை. நாகூர் மீரானிடம் சொன்னபோது, என்ன அண்ணே, கடையை மூடுறீங்களா என்று பதறிப்போனான். மகள் வருகிறாள் என்றேன். ஓ, அப்ப சரி அண்ணே என்றான். ஆனால் வருகிறாளா என்று எனக்குத் தெரியாது. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் கடற்கரையில் தங்கட்டும். உன் நண்பர்களுக்கு அதுதான் வசதி. அவளும் நீங்கள் இருவரும் மட்டும் இங்கே வாருங்கள். மாடியில் தெருவைப் பார்த்த அறைதான் அவளுடையது, அவளுக்குத் தெரியும். யோகம்மா சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்திருக்கிறாள். கதவிலிருந்த அறை எண்ணை எடுத்துவிட்டேன். ஸ்ரீதரன் இருபத்தைந்தாம் தேதி ஈப்போவிலிருந்து வருகிறான்.

நான் போன் பண்ணிக் கேட்கலாம். இரண்டு தடவை எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். நான் கேட்டால் அவள் சரி அப்பா என்பாள். புதன்கிழமை வந்து, சொன்னபடி இருந்து, சொன்னபடி புறப்படுவாள். அந்தச் சரி எனக்கு வேண்டாம், தம்பி. பதினோரு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ கேள். இரவுச் சாப்பாடு முடிந்து நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவீர்களே, அப்போது கேள். அந்த நேரத்தில் அவள் மனதில் உள்ளதைச் சொல்வாள் என்று யோகம்மா சொன்னாள். அவள் முடியாது என்றாலும் அதை எனக்கு அப்படியே எழுது. உன் சொல்லுக்கு அவள் செவி கொடுப்பாள். அது எனக்கு எரிகிறது. இருந்தாலும் கேள்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம். பிள்ளையை நன்றாக வளர்த்தீர்கள்.

இப்படிக்கு,
வள்ளிநாயகியின் அப்பா,
விஸ்வலிங்கம்